பாதாளக்கரண்டியில் வந்தது

அன்றைக்குக் கிணற்றடியில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். அப்பா. அப்பாவுக்கு மூத்தவர் பெரியப்பா. பெரியம்மா. அம்மா. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பதினாலு வயசு. நான், பதினொன்று. பெரியம்மாவின் வெள்ளாடு ஒன்று. எல்லாவற்றுக்கும் அந்த ஆடுதான் காரணம்.

பெரியம்மா தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். ஆடு முந்தானையைப் பிடித்து இழுத்தது. திரும்பி அதை ஓர் அடி போட்டார். கயிறு கையை விட்டது. குடம் உள்ளே போய்விட்டது.

பித்தளைக் குடம். அவர் கல்யாணத்துக்கு அவருடைய அம்மா போட்ட சீர். அந்தம்மா செத்துப்போய் ஒரு வருசம்கூட ஆகவில்லை. பெரியம்மா அப்படியே உட்கார்ந்து அழுதார். ஆடு பக்கத்தில் நின்று அசைபோட்டது.

அது 2003. மழை இல்லாத வருசம். எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குக் கிழக்கே. கிணற்றில் தண்ணீர் இரண்டு ஆள் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அது பொதுக் கிணறு. திங்கள், புதன், வெள்ளி எங்கள் முறை. செவ்வாய், வியாழன், சனி அவர்கள் முறை. ஞாயிற்றுக்கிழமை கிணறு ஊற வேண்டும், யாரும் மோட்டார் போடக்கூடாது. இரண்டு பக்கமும் வாழை, தார் விடுகிற பருவம். ஒரு முறை தப்பினால் இலை பழுத்துவிடும்.

ஊரில் எல்லாக் கிணற்றிலும் பிள்ளைகள் குதிப்பார்கள். எங்கள் கிணற்றில் மட்டும் கூடாது. வடக்கு மூலையில் சுழி இருக்கிறது என்பார் அப்பா. "கிணத்துக்குள்ள ஏது சித்தப்பா சுழி?" என்று அண்ணன் ஒரு தடவை கேட்டான். முதுகில் ஒன்று விழுந்தது. அதற்கப்புறம் சுழி இருந்தது.

பாதாளக்கரண்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஊருக்கே அது ஒன்றுதான். ஓர் இரும்பு வளையம், அதில் கொத்தாகக் கொக்கிகள். கயிற்றில் கட்டி உள்ளே விட்டு அலசினால், விழுந்த வாளியோ குடமோ மாட்டும். கேட்டு வருகிறவர்கள் சும்மா வாங்கிப் போக முடியாது. ஒரு பாத்திரத்தை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். கரண்டி வந்தால் பாத்திரம் போகும். பஞ்சாயத்துத் தலைவரே ஒரு தடவை எவர்சில்வர் தூக்கை வைத்துவிட்டுப் போனார். பெரியப்பாவிடம் மட்டும் அப்பா எதுவும் வாங்க மாட்டார். தன் அண்ணன் மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட இறக்கவில்லை. அப்பா கரண்டியை விட்டு அலசினார். கிழக்குப் பக்கம் பார்த்தார். தெற்கே பார்த்தார். மேற்கே பார்த்தார். மறுபடி கிழக்கே வந்தார். ஒரு செருப்பு வந்தது. ஓர் ஓட்டை வாளி வந்தது. குடம் வரவில்லை.

"போகட்டும் மதினி. சின்னமனூர்ல வேற ஒண்ணு எடுத்துத் தாரேன்."

"வேற குடம் எடுத்துத் தருவீக. எங்காத்தாவ எடுத்துத் தருவீகளா?"

பெரியப்பா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடது கால் வராது, இழுத்துத்தான் நடப்பார். தென்னையிலிருந்து விழுந்தது என்று நான் பிறக்கும் முன்னமே சொல்லியாகிவிட்டது. "அழுவாத. ஆட்ட வித்து குடம் வாங்கிருவோம்" என்றார். ஆடு அவரை ஒரு பார்வை பார்த்தது.

அப்போது மோட்டார் ஓட்டுகிற மும்முனைக் கரண்டு வந்துவிட்டது. அது எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் ஓட வேண்டும். அன்று எங்கள் முறை. அப்பா கயிற்றை என் கையில் கொடுத்தார். "பிடிச்சுக்க. ஆட்டாத" என்று சொல்லிவிட்டு மோட்டார் ரூமுக்கு ஓடினார். அங்கேயிருந்து மடை திருப்ப வாழைக்குள் போய்விட்டார்.

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். கயிற்றைப் பிடித்தபடியே வடக்கு மூலைக்கு நடந்தேன்.

"ஏ புள்ள, அங்கன போகாத, சுழி!" என்றான் அண்ணன். அப்புறம் அவனும் வந்து நின்றுகொண்டான்.

கரண்டியை விட்டேன். அடியில் சேறு. மெள்ள இழுத்தேன். எதிலோ மாட்டியது. கை அப்படியே நின்றுபோனது. குடம் மாட்டினால் கயிறு லேசாகச் சுற்றும். இது சுற்றவில்லை. தொங்கியது.

அண்ணனும் பிடித்தான். இரண்டு பேரும் இழுத்தோம். தண்ணீருக்கு மேலே கரண்டி வந்தது. ஒரு கொக்கியில் சேற்றுக் கட்டி ஒன்று ஆடியது. பாதி வருவதற்குள் சேறு கழன்று விழுந்தது. குழல் தெரிந்தது. விரல் விடுகிற வளையம் தெரிந்தது. கொக்கி அந்த வளையத்தில்தான் மாட்டியிருந்தது.

"துப்பாக்கி! ஏ, துப்பாக்கி! விடு, வெடிச்சிரும்!"

அண்ணன் கயிற்றை விட்டுவிட்டு வேப்பமரத்துக்குப் பின்னால் ஓடினான். நான் விடவில்லை. தைரியம் ஒன்றும் இல்லை. விட்டால் கரண்டியும் போகும், அப்பா அடிப்பார் என்ற பயம். இழுத்துத் தரையில் போட்டேன். சிரிப்பும் வந்தது. ஆடு வந்து மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

கைப்பிடியில் இருந்த கட்டை உளுத்துப்போயிருந்தது. மற்றதெல்லாம் துரு. நடுவில் உருண்டையாக ஒரு பகுதி. எத்தனை கனம்! கையில் எடுத்து மலையைப் பார்த்துக் குறி வைத்தேன். அம்மா ஓடி வந்து தட்டிவிட்டார். என்னை அடிக்கக்கூட மறந்துவிட்டார்.

எனக்கு அடங்கவில்லை. மறுபடி அதே மூலையில் கரண்டியை விட்டேன். இரண்டாவது இழுப்பில் குடம் வந்தது. வயிற்றில் ஒரு நசுங்கல், அவ்வளவுதான். பெரியம்மா குடத்தைக் கட்டிக்கொண்டார். துப்பாக்கியை அவர் பார்க்கவே இல்லை.

அப்பா வாழைக்குள்ளிருந்து மண்வெட்டியோடு வந்தார். பார்த்தார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். அப்புறம் அவரும் உட்கார்ந்துவிட்டார். பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா அவரைப் பார்த்தார். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"திருப்பி உள்ள போட்ரு" என்றார் அப்பா.

பெரியப்பா சிரித்தார். கல்லைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஏலே! இது துரை துப்பாக்கிடா! அணை கட்ட வந்தாகள்ல வெள்ளக்காரவுக, அதுல ஒருத்தர்து!"

நானும் அண்ணனும் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டோம். ஒரு துரை. வெள்ளைக் குதிரை. மலையிலிருந்து இறங்கி வருகிறார். உச்சி வெயில், தாகம். எங்கள் கிணற்றைப் பார்க்கிறார். குனிந்து தண்ணீர் கிடக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறார். இடுப்பிலிருந்து நழுவி, தொபுக்.

"அப்புறம் பெரியப்பா?"

"அப்புறம் என்ன. தொப்பியக் கழட்டி கிணத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாரு. அந்தாளுக்கு நீச்ச தெரியாதுல்ல."

இருட்டுவதற்குள் பாதி ஊர் கிணற்றடியில் இருந்தது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வருசநாட்டு மலையில் கஞ்சா போட்டவன் போலீசுக்குப் பயந்து வீசியது என்றார் ஒருவர். வாழைத்தோப்பில் சினிமா சூட்டிங் எடுக்க வந்தவர்கள் விட்டுப் போன அட்டைத் துப்பாக்கி என்றார் இன்னொருவர். "அட்டை எப்படிய்யா இந்தக் கனம் கனக்கும்?" என்று பக்கத்தில் இருந்தவர் அதை அவர் கையில் போட்டார். அவர் பதறிக் கீழே போட்டார். எல்லோரும் சிதறி ஓடினார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். டீக்கடைக்காரர்தான் கூர்மையாகக் கேட்டார்.

"ஏப்பா, இது ஒங்கய்யா வெட்டுன கிணறுல்ல? துரை காலத்துல ஏது கிணறு?"

"வெட்டுனது எவனோ. எங்கய்யா ஆழப்படுத்துனாரு. ஒனக்கு டீ ஆத்தத் தெரியும். கிணத்தப் பத்தி என்னத்தத் தெரியும்?" என்றார் பெரியப்பா. சிரிப்பு எழுந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

போகிறபோது டீக்கடைக்காரர் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார். "எதுக்கும் வெளிய விடாதீக. போலீசு வந்தா கிணத்தப் பூட்டிருவாக. கேசு முடியுறதுக்குள்ள வாழ எல்லாம் சருகாயிரும். ஆளையும் இழுத்துட்டுப் போயிருவாக."

பெரியப்பா துண்டில் துப்பாக்கியைச் சுற்றினார். "எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். அப்பா கை நீட்டினார். பெரியப்பா கொடுக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

வெளியே விடக்கூடாது என்பது எனக்குக் காதில் விழுந்தது. ஆனால் மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்து வாசலில் கால் வைத்ததும் வாய் திறந்துகொண்டது. முதல் மணிக்குள் என் வகுப்புக்குத் தெரியும். மத்தியானச் சோற்றுக்குள் டீச்சருக்குத் தெரியும். துரையின் குதிரைக்கு நானே ஒரு மணியும் கட்டிவிட்டேன். சாயங்காலம் என்னைப் பார்க்க எட்டாம் வகுப்புப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். அப்படி ஒரு நாள் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஏட்டு பைக்கில் வந்தார்.

அப்பா மோட்டார் ரூம் வாசலில் நின்றிருந்தார். இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஏட்டைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிணற்றைப் பூட்டுவார்கள். வாழை காயும். அப்பாவைக் கூட்டிப் போவார்கள். எல்லாம் என் வாயால்.

பெரியப்பா துண்டோடு வந்து சேர்ந்தார். ஏட்டு அதைப் பிரித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. சின்னப் பையன்போல ஒரு தடவை குறிகூட வைத்துப் பார்த்தார்.

"யாரு கிணறு?"

"எங்க ரெண்டு பேருதுங்கய்யா" என்றார் அப்பா.

"துப்பாக்கி யாருது?"

அப்பா வாயைத் திறந்தார். "ஐயா, அது வந்து..."

"துரைதுங்கய்யா!" என்றார் பெரியப்பா. அப்பாவை முழங்கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். மறுபடி துரை வந்தார். குதிரை வந்தது. இந்தத் தடவை குதிரைக்கு மணி இருந்தது. பெரியப்பா காலை இழுத்து இழுத்து குதிரை மாதிரி நடந்து காட்டினார். ஏட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"காலு என்ன ஆச்சு?"

"தென்னைல இருந்து விழுந்துட்டேன்யா. அதாச்சு பதினஞ்சு வருசம்."

அப்பா கீழே மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரலால் மண்ணைக் கீறினார்.

ஏட்டு துப்பாக்கியை முன்பக்கமாகத் திருப்பினார். நடு உருண்டையில் வட்டமாகக் குழிகள். எல்லாம் சேறு அடைத்திருந்தது. ஒரு விளக்குமாற்றுக் குச்சி கேட்டார். நான்தான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். ஒவ்வொரு குழியாகக் குத்தினார். நான் எண்ணினேன். முதல் குழியில் குச்சி உடனே நின்றது. உள்ளே ஈயம் கறுப்பாகத் தெரிந்தது. இரண்டு. மூன்று. நாலு. அஞ்சு. ஆறாவது குழியில் குச்சி உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"ஒண்ணு காலி. சுட்டுருக்கான்" என்றார் ஏட்டு. "எதச் சுட்டுருப்பான் ஒங்க துரை?"

மண்ணைக் கீறிய அப்பாவின் பெருவிரல் நின்றது.

"புலியங்கய்யா" என்றார் பெரியப்பா.

"புலியா? இங்கனயா?"

"அப்ப இருந்துச்சுங்கய்யா. துரை சுட்டாரு, அதுக்குப் படல. அது பயந்து கேரளாவுக்குப் போயிருச்சு. இன்னும் திரும்பி வரல."

ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்டேசனில் ஏற்கெனவே மூன்று நாட்டுத் துப்பாக்கி கிடக்கிறது, இதற்கும் எழுதி எழுதி என் கைதான் ஒடியும் என்றார். கிணற்றில் தூர் எடுத்தபோது கிடைத்த பழைய துருப்பிடித்த துப்பாக்கி என்று ஒரு தாளில் எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார், பெரியப்பா கைநாட்டு வைத்தார். கிணற்றைப் பூட்டுவதைப் பற்றி ஏட்டு பேசவே இல்லை. அப்பாவைப் பற்றியும் பேசவில்லை.

எனக்கு உயிர் வந்துவிட்டது. வந்ததும் பழைய வாய் வந்துவிட்டது. அவர் பைக்கை எடுக்கும்போது குறுக்கே போய் நின்றேன்.

"எங்க கரண்டில வந்த சாமான் அது. நீங்க ஒரு பாத்திரம் வச்சுட்டுத்தான் எடுத்துட்டுப் போகணும்."

"ஏ கழுத!" என்றார் அம்மா.

ஏட்டு யோசித்தார். பைக்கில் மாட்டியிருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடியை மட்டும் என் கையில் கொடுத்தார். "துப்பாக்கி வந்தா மூடியத் திருப்பித் தரணும் தாயி" என்றார். துப்பாக்கி வரவில்லை. மூடி இன்னும் எங்கள் வீட்டில் உப்புச் சட்டிக்கு மூடியாக இருக்கிறது.

பைக் சத்தம் ஓய்ந்தது. கரண்டு வந்தது. வெள்ளிக்கிழமை, எங்கள் முறை. அப்பா மோட்டாரைப் போட்டார். மண்வெட்டியை எடுத்தார். மடையைப் பெரியப்பாவின் வாழைக்குத் திருப்பினார்.

"அப்பா, இன்னைக்கு நம்ம மொறப்பா!" என்று கத்தினேன்.

அப்பா காது கேட்காத மாதிரி நின்றார். தண்ணீர் பெரியப்பா வரப்பைத் தாண்டி உள்ளே ஓடியது. பெரியப்பா கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டு இருந்த நேரம் முழுவதும் அது அங்கேதான் பாய்ந்தது. அப்பாவுக்குக் கிழமை மறந்துவிட்டது என்று நான் அண்ணனிடம் சொன்னேன்.

அதற்கப்புறம் சுழி போய்விட்டது. நாங்கள் கிணற்றில் குதித்தோம். யாரும் தடுக்கவில்லை.

எனக்கு வேறு வேலை இருந்தது. காலிக் குழியில் இருந்த குண்டு வேண்டும். ஏட்டு "சுட்டுருக்கான்" என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. புலிக்குப் படவில்லை என்றால் குண்டு எங்கே போகும்? சேற்றில்தான் கழன்று விழுந்திருக்கும். ஒரு மாதம் முங்கினேன். மூச்சைப் பிடித்து அடிச்சேற்றை அள்ளி அள்ளி மேலே கொண்டுவந்து கல்லில் கொட்டி விரலால் துழாவினேன். பெரியப்பா அதே கல்லில் உட்கார்ந்திருப்பார்.

"கெடச்சுச்சாத்தா?"

"இல்ல பெரியப்பா."

"நல்லாத் தேடு. அங்கனதான் எங்கயாச்சும் கெடக்கும்."

சொல்லிவிட்டு இடது தொடையைத் தேய்த்துக்கொண்டே சிரிப்பார். நானும் சிரித்துவிட்டு மறுபடி குதிப்பேன்.

ஏழு வருசம் கழித்துப் பெரியப்பாவுக்கு அந்தக் காலில் வலி அதிகமானது. அண்ணன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். நான்தான் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். தொடை எலும்பு ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. புளியங்கொட்டை அளவு.

"இது என்ன பெரியவரே?"

"அது பழசுய்யா."

"உலோகம் மாதிரி இருக்கு. எடுத்துரலாமா?"

"வேணாம்யா. அது பாட்டுக்குக் கெடக்கட்டும். வலிக்கு மாத்திர குடுங்க."

பஸ் சின்னமனூரைத் தாண்டியது. அப்புறம் பெரியப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"துப்பாக்கி ஒங்க தாத்தாதுதான். மலைல துரை தோட்டத்துல காவலுக்கு இருந்தாரு. துரை ஊருக்குப் போகையில குடுத்துட்டுப் போனாக. அந்த மட்டும் நான் சொன்னது பொய்யில்ல."

நான் எக்ஸ்ரே படத்தை மடியில் வைத்திருந்தேன்.

"அன்னைக்கு ஒங்கப்பன் மொற. நான் மடையத் திருப்பிட்டேன். சின்னப் பய, இருவது வயசு. பயங்காட்டத்தான் எடுத்தான். வெடிக்கும்னு அவனுக்கே தெரியாது. தப்பு எம்மேலதான்."

பஸ் கொஞ்ச தூரம் போனது.

"குண்டு துளைச்சு வெளிய போயிருச்சுன்னு அவன்ட்டச் சொல்லி வச்சிருக்கேன். உள்ள கெடக்குன்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான். ஒங்கப்பன்ட்டச் சொல்லாத."

சொல்லவில்லை. படத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். ஒரு மாதம் சேற்றை அள்ளிய கை இது. எண்ணிப் பார்த்தேன். துப்பாக்கியில் அஞ்சு. இங்கே ஒன்று.

ஆறு.